யாம் தேர்ந்த கிடார்

திருவள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசியல்பற்றி எழுந்தனவே எனினும், அவ்வைப்புமுறை சிறு வினை புரிவார்க்கும் துணைசெய்யும் என்பதை ஓர் இசைக்கருவி வாங்கப் புகுந்த ஞான்று யாம் நன்குணர்ந்தோம். கருவியின் வலிமை இன்னது, அது நிலைநிற்க வேண்டிய காலம் இத்துணைத்து, அது பணிசெய்ய வேண்டிய இடம் இத்தன்மைத்து என்று அறிந்தாலன்றி, இதுவே எமக்குரியது என்னும் தெளிவு பிறவாது. கடையிற் புகுந்து செவிக்கு இனிதாய் ஒலித்த ஒன்றைக் கைக்கொண்டு மீள்வது எளிது. அவ்வாறு மீளும் உரிமை எமக்கில்லை. அதன் காரணத்தை முதற்கண் கூறுவாம்.

நம் கல்லூரிப் பாடற்குழுவிற்குப் புதிய கிடார் ஒன்று வேண்டுமென்று சென்ற ஆண்டில் வேண்டுகோள் விடுத்தோம். தொண்ணூறாயிரம் ரூபாய் சேர்ந்தது. பழைய மாணவர் சிலர் ஆயிரக்கணக்கில் ஈந்தனர் என்பது உண்மையே; ஆயினும் பெரும்பகுதி நூறும் இருநூறுமாகவே வந்தது. விடுதியில் வாழும் முதலாண்டு மாணவர் சிலர் ஒரு திங்கள் மாலைச் சிற்றுண்டியை விடுத்து, அதன் விலையை உறையிலிட்டுத் தந்தனர். பெயர் எழுதப்பெறாத அவ்வுறைகளைப் பிரித்தபொழுது எம் குழுவினர் நெடுநேரம் பேசாதிருந்தனர். இப்பொருள் ஒருமுறையே செலவாகும்; மீண்டும் சென்று கேட்பதற்கு முகமில்லை. ஆகலின், அதனைச் செலவிட்ட வகையையும் அதற்குரிய காரணங்களையும் ஈந்தவர் அறியக் கூறுதல் எம் கடனாம்.

முன்னர்க் குழுவினிடம் இருந்த கிடார், பதினோராண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் உவந்தளித்தது. அதன் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். முதுகும் விலாவும் ஈட்டி மரம். குரலோ மிக இனியது. எனினும், சில ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் மேற்பலகை புடைத்தெழுந்தது; தந்திகள் மெட்டுக்களினின்று உயர்ந்தன; பயில்வார் விரல்கள் கொப்புளங் கொண்டன. கோடையில் அதே பலகை தாழ, தந்திகள் மெட்டுக்களில் உராய்ந்து இரைந்தன. சென்ற வேனிலில் வேனின் பின்புறத்தில் வெப்பம் மிகுந்த ஒரு நண்பகலில், பசை இளகி, தந்திகளைத் தாங்கும் குதிரை பலகையினின்றும் பெயர்ந்து வீழ்ந்தது. அன்று மாலை மருத்துவமனையில் கருவியின்றியே பாடினோம்.

ஈண்டு எம் பணியிடத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். திங்கள் இருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், எம் குழுவினர் அறுவர் வெளியே செல்வோம். ஒருநாள் மருத்துவமனையின் முதியோர் பகுதி; மற்றொருநாள் கடலோரச் சிற்றூர் ஒன்று. முன்னையது குளிரூட்டப்பட்ட கூடம். பின்னையது உப்புக்காற்று வீசும் மணல்வெளிப் பந்தல். இவ்விரண்டிற்கும் இடையே கருவி வேனிலும் பேருந்திலும் மக்கள் மடிமீதும் பயணஞ் செய்யும். இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. மாணவர் ஆண்டுதோறும் மாறுவர். இன்று வாசிப்பவர் நாளை பட்டம் பெற்று நீங்குவர். பத்துக் கைகள் தொடும் கருவியை என்னுடையது என்று பேணுவார் எவருமிலர்.

நிற்க. மரத்தினும் இசைக்கு உகந்த பொருள் வேறுண்டோ என்று அன்பர் பலர் வினவினர். எம் உள்ளமும் அதனையே வினவிற்று. தஞ்சை வீணை பலாமரத்தாற் கடையப்படுகின்றது. மேலைநாட்டார் செய்யும் கிடார்கள் பலவற்றின் முதுகாய் அமைவதோ நம் மேற்குத்தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரமே. அம்மரமும் அதன் இனத்தனவும் 2017-ஆம் ஆண்டில் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன; செய்து முடிந்த இசைக்கருவிகட்கு 2019-இல் விலக்களிக்கப்பட்டது. நம் மலையில் நின்ற மரம் கடல் கடந்து பாடும் கருவியாய் மீள்கின்றது என்னும் எண்ணமே எமக்கு இன்பந் தந்தது. தமிழ் பயில்வோராகிய எமக்கு அதனைவிட்டு அயலொன்றை நாடுதல் எளிதன்று.

ஆயினும், மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றின் ஈரத்தை உண்டு உமிழும் இயல்பினது. நார்வழியே அது மிகச் சிறிதளவே நீளும். நாருக்குக் குறுக்கேயோ மிகுதியாக விரியும். கிடாரின் மேற்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்பே உடையது. சுற்றிலும் ஒட்டப்பட்டிருத்தலின், விரியும்பொழுது இடமின்றிப் புடைக்கின்றது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை நிற்குமிடத்தில் மரக்கிடாரை வைத்தல் நன்று என்பர் செய்வோர். நம் கடலோரத்தில் அது 70 விழுக்காட்டைக் கடத்தல் வழக்கம். குளிரூட்டிய கூடத்திலோ தாழ்கின்றது. ஈரத்தை அளக்கும் கருவியும், உறையினுள் வைத்து ஈரத்தைச் சமனாக்கும் பைகளும் கடைகளில் உள. அவற்றை நாடோறும் நோக்குவார் ஒருவர் வேண்டும்.

இனி, மரத்திற்கு மாற்றாக எம் முன் நின்ற கார்பன் ஃபைபர் என்னும் கரியிழையைப் பற்றிச் சில கூறுவாம். எடிசன் 1880-ஆம் ஆண்டளவில் மூங்கில் நாரைக் கருக்கி மின்விளக்கின் இழையாக்கினார். இக்காலத்தில் செயற்கை நாரினைக் காற்றுப் புகாத உலையிலிட்டு, 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கருக்குகின்றனர். எஞ்சுவது பெரும்பாலும் கரியே. ஓர் இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கினைக் கடவாது. ஆயிரக்கணக்கான இழைகளைக் கற்றையாக்கித் துணிபோல் நெய்து, எபாக்சி என்னும் பிசினில் தோய்த்து, அச்சிலிட்டு இறுக்குவர். இறுகிய பொருள் எடையிற் குறைந்தது, விறைப்பில் மிக்கது. காற்றின் ஈரத்திற்கு அது மரம்போல் விரிந்து சுருங்குவதில்லை.

மரத்தைவிட்டுப் பிறபொருளை நாடுதல் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஸ்பெயின் தேயத்துக் கிடார்த் தச்சர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்பார் 1862-ஆம் ஆண்டில் முதுகும் விலாவும் அட்டையாலாய கிடார் ஒன்றைச் செய்தார். ஒலிக்குத் தலைமையானது மேற்பலகையே என்று காட்டுதற்பொருட்டு அவர் செய்த அக்கருவி பார்சலோனா அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது. ஹெலிகாப்டர் செய்துவந்த அமெரிக்கர் சார்லஸ் கேமன் 1960-களில் கண்ணாடியிழையால் வளைந்த முதுகமைத்து ஒவேஷன் கிடார்களை வெளியிட்டார். ஹவாய்த் தீவிலிருந்த ஜான் டெக்கர் என்பார் 1990-களில் ரெயின்சாங் என்னும் பெயரால், முற்றும் கரியிழையாலாய கிடார்களைச் செய்தார். ஈரமிகுந்த தீவொன்றில் இக்கருவி தோன்றியது பொருத்தமன்றோ? அயர்லாந்தின் டோனிகல் பகுதியில் எமரால்டு கிடார்களை நிறுவிய ஆலிஸ்டர் ஹே என்பார், அதற்குமுன் பந்தயப் படகுகளை இத்தகைய பொருளாற் செய்தவர். அமெரிக்காவின் மெக்ஃபர்சன், சீனத்தின் லாவா, என்யா முதலிய பெயர்களும் பின்னர் இவ்வரிசையிற் சேர்ந்தன.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடைமகனை இவ்விடத்து நினைந்தோம். அவன் தான் ஆநிரை மேய்க்கும் காட்டிலே கிடைத்த குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, யாழ் செய்துகொண்டான். பெரும்பாணன் கையிலுள்ள பேரியாழ் அவனுக்கு வேண்டியிருந்திலது. தன் காட்டிற்கும் தன் கைக்கும் ஏற்ற யாழே வேண்டியிருந்தது. நாரும் இசைக்கருவியும் நமக்குப் புதிய உறவல்ல என்று எம் நெஞ்சைத் தேற்றிக்கொண்டு கடைக்குச் சென்றோம்.

சென்னையிலுள்ள ஒரு கடையில் இருவகைக் கிடார்களையும் கேட்டுப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே அளவின புதுத்தந்திகளைப் பூட்டுவித்தோம். எம்முள் ஒருவர் வாசிக்க, ஏனையோர் சுவர்நோக்கி நின்று, ஒலித்தது மரமோ கரியோ என்று தாளில் எழுதினோம். ஒலிபெருக்கியின்றிக் கேட்டபோது ஐவருள் நால்வர் சரியாகக் கூறினர். மரத்தின் ஒலியில் ஒருவகைக் கனிவும், இடைக்குரலில் தடிப்பும் இருந்தன. கரியிழையின் ஒலி தெளிவாய், உயர்ந்த ஸ்வரங்களில் நெடிது நின்றது. ஒருவர் அதனைக் கண்ணாடி போன்றது என்றார். பின்னர் இரண்டையும் பிக்கப் வழியே ஒலிபெருக்கியிற் கேட்டோம். இம்முறை சரியாகக் கூறியவர் இருவரே. கருவிக்கும் கேட்போர்க்கும் நடுவே பிக்கப் நின்று தன் குரலையும் கலக்கின்றது என்பதை அப்போது அறிந்தோம். உடலை முதலில் வாங்கிப் பிக்கப்பைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்னும் எண்ணத்தை அன்றே விடுத்தோம்.

எனினும், மரத்தின் கனிவு எம் செவியைவிட்டு நீங்கவில்லை. விடுமுறையில் ஊர்க்குச் சென்றபோது தச்சுத் தொழில் புரிந்த எம் பாட்டனாரிடம் இதனைக் கூறினோம். ஐம்பதாண்டு உளி பிடித்த கையினர். மரத்தைக் கைவிடாதே என்றே சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் வெற்றிலை மென்றிருந்து, "அதைத் தினம் எடுத்துத் துடைத்து வைக்க ஆள் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டார். இல்லை, தாத்தா என்றோம். "மரத்துக்கு மூச்சு உண்டு. மழைக்கு உப்பும், வெயிலுக்கு ஒடுங்கும். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மரம் வாங்குங்கள். ஆள் இல்லையென்றால், மரத்தை ஏன் இரண்டாம் தடவை கொல்லுகிறீர்கள்?" என்றார்.

ஐயம் அகன்றது. மரம் உயர்ந்ததோ கரி உயர்ந்ததோ என்று யாம் அதுகாறும் வழக்காடினோம். வினா அதுவன்று. தனியொருவர் கையில், ஓரிடத்தில், பேணப்பட்டு வாழும் கருவிக்கு மரம் தக்கது. பலர் கையில், பல இடத்தில், பேணுவாரின்றி உழைக்கும் கருவிக்குக் கரியிழை தக்கது. எம் கருவி இரண்டாம் வகையினது. இம்முடிவைக் குழுவினர் அனைவரும் ஏற்றனர்.

கரியிழையென முடிவுசெய்த பின்னரும் நோக்க வேண்டுவன சில உள. முதலாவது, கரியிழை என்னும் பெயரால் விற்பன யாவும் ஒருதன்மையன அல்ல. நெய்த நெடுநாரை அச்சிலிட்டுச் செய்தன ஒருவகை. பிளாஸ்டிக்கில் குறுநாரைக் கலந்து வார்த்தன மற்றொருவகை. பின்னையது விலை குறைந்தது, உறுதியும் உடையதே, ஆனால் ஒலி வேறு. இரண்டாவது, சிலவற்றில் உடல்மட்டும் கரியிழையாயிருக்கக் கழுத்து மரமாக இருக்கும். மூன்றாவது, சில கருவிகளின் கழுத்தினுள் வளைவைத் திருத்தும் இரும்புக்கோல் இராது. அவற்றில் தந்தியின் உயரத்தைக் குதிரையிலுள்ள சேடில் என்னும் வெண்பட்டையைத் தேய்த்தே மாற்றவேண்டும். நான்காவது, மரம் பிளந்தால் தச்சர் ஒட்டுவர். கரியிழை பிளந்தால் செப்பனிடுவார் அரியர். இவற்றோடு, கரியிழை வெயிலை வென்றது என்று கருதற்க. அதன் பிசினுக்கும் வெப்ப எல்லை உண்டு. கருநிறம் வெயிலை விரைந்துண்ணும். தந்திகளோ எஃகும் வெண்கலமுமே. உப்புக்காற்றில் அவை எக்கிடாரிலும் துருப்பிடிக்கும்.

இனிப் பிக்கப்பைப் பற்றிக் கூறுவாம். அவற்றை நால்வகையாகக் கொள்ளலாம். ஒலித்துளையிற் பொருத்தும் காந்தப் பிக்கப் எஃகுத் தந்தியின் அசைவை மின்னாக்கும். அதில் ஊளை குறைவு. எனினும் தந்தியின் ஒலியே மிக்கு, உடலின் ஒலி குன்றும். கரியிழைக் கிடார் சிலவற்றில் ஒலித்துளை நடுவே வட்டமாயிராது ஒருபுறத்தே ஒதுங்கியிருத்தலின், இது அவற்றிற் பொருந்தாது. அடுத்தன இரண்டும் அழுத்தத்தால் மின் பிறக்கும் இயல்பினைப் பயன்கொள்வன. கியூரி உடன்பிறந்தார் இருவர் 1880-இல் கண்ட இயல்பு அது. அவற்றுள் ஒன்று சேடிலின் அடியிற் கிடக்கும் மெல்லிய பட்டை. மற்றொன்று மேற்பலகையின் உட்புறத்தில் ஒட்டும் சிறு வில்லைகள். நான்காவது உடலினுள் அமைக்கும் சிறு மைக்.

மைக்கின் ஒலி கருவியின் இயல்பான ஒலிக்கு நெருங்கியது. ஆனால் ஒலிபெருக்கியின் ஒலியையும் அது மீண்டும் பற்றும். வில்லைகள் பலகையின் முழுக்குரலையும் தருவன. பல மின்கலமின்றியே இயங்கும். ஆயினும், கரியிழைப் பலகையின் உட்புறம் நெசவின் மேடுபள்ளத்துடன் இருக்குமாயின், சமனாக்கிய பின்னரே அவற்றை ஒட்டவேண்டும். மேலும், இவ்வழுத்தப் பிக்கப்புகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஓம் தடையுடைய வாயிலையே விரும்புவன. மைக் செட்டின் சாதாரண வாயிலில் நேரே செருகினால் தாழ்ந்த ஸ்வரங்கள் மெலிந்து கீச்சுக்குரலே எஞ்சும். இடையில் ப்ரீ-ஆம்ப் ஒன்று நிற்றல் வேண்டும். சேடிலின் அடியிற் கிடக்கும் பட்டை, பலமாகப் பயிறும்போது சற்றே வறண்ட, அடித்தாற்போன்ற ஒலி தரும் என்பது அதன்மேற் கூறப்படும் குறை. ஊளைக்கு எளிதில் இடங்கொடாமை அதன் நிறை.

கடையிற் கேட்டபொழுது வில்லைகளின் ஒலியே எம் அனைவர்க்கும் இனித்தது. எனினும், எம் பணியிடத்தை மீண்டும் நினைந்தோம். கடலோரச் சிற்றூரில் ஒலிபெருக்கிக் குழல் பந்தற்காலிலே, எம் முதுகின் பின்னே, நான்கு முழத் தொலைவிற் கட்டப்பட்டிருக்கும். அதனை அகற்றக் கேட்டால் கம்பி எட்டாது என்பர். கரியிழைப் பலகையோ சிறு ஒலிக்கும் உடனதிரும் இயல்பினது. அங்கே வில்லையும் மைக்கும் பாட்டின் நடுவே ஊளையிடும் என்பது திண்ணம். ஆகலின், சேடிலின் அடியிற் கிடக்கும் பட்டையையும், உடலினுள் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் ப்ரீ-ஆம்பையும் தேர்ந்தோம். கம்பி செருகும் துளையைப் பின்னர் இடாது, செய்யுமிடத்திலேயே பொருத்தித் தருமாறு கேட்டோம். கரியிழையைத் துளைக்கும்போது ஓரம் சிதையக்கூடும். எழும் கருந்துகள் நுரையீரலுக்கு ஆகாது.

இலட்ச ரூபாயைக் கடக்கும் ஐரோப்பிய, அமெரிக்கக் கருவிகளை எண்ணாது, ஆசியாவிற் செய்த சிறிய உடலினதாய கிடாரையே வாங்கினோம். எம் குழுவில் மகளிர் மூவர் வாசிக்கின்றனர். பெரிய உடல் அவர்தம் தோளுக்கு ஏலாது. அதனோடு ஒரு நல்ல கம்பியும், தடித்த உறையும், ஈராண்டிற்குப் போதிய தந்திகளும், மாற்று மின்கலங்களும் வாங்கினோம். எஞ்சிய ஆறாயிரத்து நானூறு ரூபாய் குழுவின் கணக்கில் உளது.

கருவி வந்து ஆறு திங்கள் ஆயின. கூடத்தினின்று மணல்வெளிக்கும், மணல்வெளியினின்று கூடத்திற்கும் அது சென்றுவருகின்றது. தந்தியின் உயரம் மயிரிழையும் மாறவில்லை. முன்னர்க் கொப்புளத்திற்கு அஞ்சி விலகிய மாணவி ஒருவர் இப்போது மாலைதோறும் பயில்கின்றார். ஒருநாள் பெருமழையில் நனைந்த கருவியைத் துணியால் துடைத்து, உடனே வாசித்தோம். சிற்றூர்ப் பந்தலில் இதுகாறும் ஒருமுறையும் ஊளை எழுந்ததில்லை. இழந்ததும் உண்டு, அதனை மறைத்தல் முறையன்று. மருத்துவமனையில் ஒலிபெருக்கியின்றி மெல்ல மீட்டுங்கால், பழைய கருவியின் கனிவு இதில் இல்லை. கட்டிலிற் கிடந்த முதியவர் ஒருவர், "பழைய பெட்டி எங்கே, தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். மரம் ஆண்டுகள் செல்லச்செல்லக் குரல் முதிரும் என்பர் வல்லார். இக்கருவியோ முதல்நாள் எங்ஙனம் ஒலித்ததோ அங்ஙனமே பத்தாண்டு கழித்தும் ஒலிக்கும். முதிர வேண்டுவது வாசிப்பார் கையே.

கொடை அளித்த அன்பர்காள்! நீவிர் தந்த பொருள் இங்ஙனம் கருவியாயிற்று. அடுத்துவரும் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள்: வாசித்து முடிந்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுமின், கம்பி செருகியிருக்குமளவும் மின்கலம் கரைந்துகொண்டேயிருக்கும். கடற்கரை சென்று மீண்ட இரவே தந்திகளைத் துடைமின். வெயிலில் நிறுத்திய வேனில் கருவியை விடாதிருமின். இவை மூன்றே இக்கருவி கேட்கும் தொண்டு.

பழைய கிடாரைக் குழுவினர் இசைவோடு எம் பாட்டனாரிடம் கொண்டு சேர்த்தோம். அவர் பெயர்ந்த குதிரையின் அடியைச் சுரண்டிச் செம்மைசெய்து, புதுப்பசையிட்டு, இரண்டு நாள் இறுக்கிவைத்துத் தந்தார். இப்போது அது ஊரில் எம் வீட்டு உள்ளறையில், கடற்காற்று எட்டாத சுவரோரம் நிற்கின்றது. நாடோறும் காலையில் அவர் அதனை எடுத்துத் துடைத்து வைக்கின்றாராம். விடுமுறையிற் செல்லும்போது மட்டும் யாம் அதனை மீட்டுகின்றோம்.